கைப்பையில் ஒரு கத்தரிக்கோல்

மேடத்தின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். முனை சற்றே வளைந்தது, கைப்பிடியில் சிவப்பு உறை போட்டது. நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை நம் தோள் பக்கம் நகரும். பேச்சு நிற்காது. பை திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும். "அசையாதம்மா" என்பார். முந்தானை ஓரத்தில் தொங்கிய நூல் அவர் விரலிடுக்கில் இருக்கும். அதைக் கீழே போடவும் மாட்டார். சுருட்டித் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. காரைக்காலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்தார், அவரிடம் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன் என்பது போதும். அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. பேசட்டும். நான் எழுதுவது அப்படி இருக்காது. இதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் பழைய ஆட்கள் யாராவது "மேடம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் காதில் விழாததுபோல் வேறு பேச்சு எடுக்கிறேன். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

"பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்பதுதான் அவர் நாளில் பலமுறை சொல்லும் வாக்கியம். கோபமாகச் சொல்லமாட்டார். மெதுவாக, நமக்காகக் கவலைப்படுவதுபோல் சொல்வார். துறை வாசலில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருக்கும். அவற்றில் பழுத்த இலை ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. காலையில் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவற்றைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மஞ்சள் தட்ட ஆரம்பித்த இலை அன்றே போய்விடும்.

எங்கள் துறையில் உலர்த்திய செடிகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. காரைக்கால் மாவட்டத்தில் முளைப்பது பெரும்பாலும் அதில் உண்டு. மாணவர்கள் ஆற்றங்கரையிலும் களத்துமேட்டிலும் அலைந்து பறித்துக்கொண்டு வருவார்கள். மேடம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பூச்சி கடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த அலமாரிகள் முழுக்க ஓர் ஓட்டைகூட இல்லாத இலைகள். சுரக்குடியில் எங்கள் அப்பா வயலில் பூச்சி கடிக்காத இலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தொகுப்பைப் பார்க்கிற எவருக்கும் இந்த மாவட்டத்தில் பூச்சியே கிடையாது என்றுதான் தோன்றும்.

அவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல வரவில்லை. செடியின் தண்டைப் பிளேடால் சீவி நுண்ணோக்கியில் வைப்பது எங்கள் படிப்பில் முதல் பாடம். அவர் சீவினால் அந்தத் துண்டு தண்ணீரில் மிதப்பதே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெலிசு. என் விரலைப் பிடித்து அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவர் செய்வதையே நானும் செய்வதாக ஆகிவிடும்.

ஒருமுறை ஆய்வறிக்கை அத்தியாயம் ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் கணவர், லுங்கியும் பனியனுமாக. உள்ளேயிருந்து மேடம் எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் அப்படியே திரும்பி உள்ளே போனார். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பேன்ட்டும் சட்டையும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கிளம்பும்வரை இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி இருந்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வெளியே வந்து தோழியிடம் சொல்லிச் சிரித்தேன்.

கல்யாணமாகி நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது துறையைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. எல்லா ஆய்வு மாணவர்களும் வரிசையாக நிற்க வேண்டும். மேடம் என் பக்கம் வந்து, "நீ உள்ள ஸ்பெசிமன் ரூம்லயே இரும்மா. நிக்க முடியாது பாரு உனக்கு" என்றார். எவ்வளவு கரிசனம் என்று நெகிழ்ந்துபோனேன். ஃபார்மலின் வாசனையில், புட்டிகளுக்குள் ஊறிக்கொண்டிருந்த காய்கள், கிழங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். குழு போனபின் கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான், கதவை ஏன் மூடினார் என்று யோசித்தேன்.

அவர் ஒரு பன்னாட்டு மாநாடு கூட்டியது என் மகள் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது. உப்பு நிலத்தில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை ஆராய்கிறவர்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது. காரைக்காலில் அதை நடத்த முடியும் என்று யாரும் நம்பவில்லை. விமானம் இறங்கும் ஊரில்லை, பெரிய ஓட்டல் இல்லை. ஒரு வருடம் மேடம் ஓயாமல் கடிதம் எழுதினார். ஜப்பான், வங்கதேசம், இலங்கை, பிரான்ஸ், பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் சம்மதம் வர வர எங்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார். வேறு யாராலும் அவர்களை இங்கே வரவழைத்திருக்க முடியாது.

ஆனால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். ஆய்வுச் சுருக்கங்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். பக்கத்து ஊர் மாணவன் ஒருவன், தான் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த திசுக்கள் ஏன் பூஞ்சை பிடித்து அழிந்தன என்று எழுதியிருந்தான். "ரிசல்ட் வரல வரலன்னு சொல்றதுக்கா அவங்கள பிளேன் ஏத்தி வரவழைக்கிறேன்?" என்று கேட்டு அதை எடுத்துவிட்டார். அவன் பிறகு மாநாட்டுக்கே வரவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேடம் தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் மண்டபத்தூர்க்காரர், அப்பா கடலுக்குப் போகிறவர். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாளாம். "குளிச்சிட்டு, பவுடர் போட்டுட்டுத்தான் போனேன்" என்றார். அப்புறம் டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பேச்சை மாற்றினார். அதைக் கேட்டால் மனம் இளக வேண்டும். அன்றைக்கு இளகவும் செய்தது. பிறகு நடந்ததை நினைக்கும்போது இளக மறுக்கிறது. இவ்வளவு தெரிந்தும் இரக்கம் வரவில்லையே, நான் என்ன மாதிரி ஆள் என்று கவலைப்பட்டிருக்கிறேன். அப்படியும் வரவில்லை.

என் ஆய்வு குழியடிச்சான் நெல்லில். கடலோர உவர் மண்ணில் விளைகிற பழைய நெல் அது. துறைக்குப் பின்னால் பச்சை வலை போட்ட கூடத்தில் தொட்டிகளில் வளர்த்து, உப்பைக் கரைத்த தண்ணீரை ஊற்றிவந்தேன். பிள்ளை பெற்று மூன்றாம் மாதமே வந்து விதை போட்டிருந்தேன். வேர் வழியாக ஏறுகிற உப்பை அந்தச் செடி மூத்த இலைகளின் நுனிக்குத் தள்ளிவிடும். நுனி பழுப்பாகிக் கருகும், உள்ளேயிருந்து வரும் குருத்து தப்பித்துக்கொள்ளும். எந்த இலையில், நுனியிலிருந்து எவ்வளவு தூரம் கருகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கருகல் இல்லாவிட்டால் என் ஆய்வே இல்லை.

மாநாட்டுக்கு வரவிருந்த பிரெஞ்சு விஞ்ஞானி அம்மா ஒருவர், பல நாட்டுக் கடற்கரைகளின் பழைய நெல்களை ஒரே முறையில் உப்பில் வளர்த்துப் பார்க்க ஒரு குழு சேர்த்துக்கொண்டிருந்தார். என் தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். அவர் என்னைச் சேர்த்துக்கொண்டால் ஆய்வைத் தொடர்வேன். இல்லையென்றால் நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. "மாநாடு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். கைக்குழந்தையைத் தன்னால் எத்தனை நாள் பார்த்துக்கொள்ள முடியும் என்று அத்தை, அதாவது என் மாமியார், கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனவே எல்லாம் அந்தத் தொட்டிகளில் இருந்தது.

மாநாட்டுக்கு முந்தின நாள் மாலை குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் அத்தையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தாக வேண்டும். குழந்தை அழுவது அரங்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று மேடம் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது அதே ஸ்பெசிமன் அறை. புட்டிகளைப் பார்த்து அத்தை, "இதென்னடி, பிள்ளைய இங்கயா வச்சுக்கிறது?" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டு வலைக்கூடத்துக்கு ஓடினேன். தொட்டிகளைக் காணவில்லை.

அவை மேடையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தங்க நிற ஜிகினாத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, குத்துவிளக்கின் இருபக்கமும் வரிசையாக. முதலில் அழகாகத்தான் இருந்தன. பிறகுதான் அவ்வளவு பச்சையாக இருக்கின்றனவே என்று உறைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு செடி விடாமல், ஓர் இலை விடாமல், கருகிய நுனி எல்லாம் வெட்டப்பட்டிருந்தது.

பின்னால் மேடம் வந்து நின்றார். பட்டுப்புடவை, தலையில் பூ. "நேத்து எல்லாரும் போனப்புறம் ஒக்காந்து நானே ட்ரிம் பண்ணினேன்மா. முதுகு விட்டுப்போச்சு. வறட்சியில வாடுன மாதிரி இருந்துச்சு. வெளிநாட்டுலேருந்து பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

மேடம், அதுதானே நான் அளந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாதா? என் வழிகாட்டி அவர். ஒவ்வொரு வாரமும் என் அளவுகளைப் பார்த்துத் திருத்தியவர். ஒரு தொட்டியின் ரிப்பனை நேராக்கினார். "அளந்த வரைக்கும் இருக்குல்ல? இன்னிக்கு விசேஷம். மூஞ்ச அப்படி வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். வெட்டிய நுனிகளை அவர் கீழே போடவில்லை. மேடைக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் ஒரு காகிதக் கோப்பை இருந்தது. அதில் அவை டீத்தூள் மாதிரி நிறைந்திருந்தன. எது எந்தத் தொட்டியினுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தொடக்க விழாவே மதியம்வரை இழுத்தது. ஒவ்வொரு விருந்தினருக்கும் பொன்னாடை, அறிமுகம், புகைப்படம். பிரெஞ்சு அம்மாவை வரவேற்க மேடம் ஒரு ஐயாவை ஏற்பாடு செய்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் அப்படி ஒரு சொல்தா. எண்பதைத் தாண்டிய வயதிலும் முதுகு வளையாது. கோட்டு, பதக்கங்கள், பளபளக்கும் ஷூ. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தாலும் மேடையில் பிரெஞ்சு ஒலிக்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. "நீங்க அவங்க பக்கத்துலயே இருங்க ஐயா. நாங்க என்ன பேசினாலும் அவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லிடுங்க" என்று என் எதிரில்தான் சொன்னார். சொல்தா ஐயா குதிகாலைச் சேர்த்து நின்று தலையசைத்தார்.

குத்துவிளக்கு ஏற்றும்போது குழந்தை அழுவது எனக்குக் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா தெரியாது. பால் கட்டி, ரவிக்கை நனைந்து, புடவைக்கு வெளியே தெரிந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடப் பார்த்தேன். மேடம் மேடையிலிருந்தே அதைக் கவனித்துவிட்டார். சிரித்தபடி இறங்கி வந்தார். கையில் ஒரு பொன்னாடை. அதை என் தோளில் போர்த்தி முன்பக்கம் இறுக்கிச் சேர்த்தார். அரங்கம் கைதட்டியது. வங்கதேசத்து விஞ்ஞானி எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னார். எதற்காக என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நொடி நிஜமாகவே நன்றியாக இருந்தது. மேடம் காதருகே குனிந்து, "சாயங்காலம் வரைக்கும் எடுக்காத" என்றார்.

உரைகளுக்கு ஒதுக்கிய நேரத்தை விழா தின்றுவிட்டதால் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. உண்மையான மாநாடு சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. வாழையிலைக்கு முன் உட்கார்ந்து வங்கதேசத்துக்காரரும் இலங்கைக்காரரும் ரசத்தைத் தொட்டு இலையில் கோடு போட்டு, கடல்நீர் எந்த மாதத்தில் எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் அவர்கள் பின்னால் நின்று, இலையை இப்படி மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் பிரெஞ்சு அம்மா மேடைக்கு வந்தார். கசங்கிய பருத்திச் சட்டை, ரப்பர் செருப்பு. ஒரு பக்கம் மேடம், மறுபக்கம் சொல்தா ஐயா. என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னாடையோடு போய் நின்றேன். எத்தனை நாளாக உப்பு கொடுக்கிறாய், எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. இவ்வளவு உப்பிலும் கொஞ்சம்கூடக் கருகவில்லையா என்றார். இது எங்கள் காரைக்காலின் பெருமை என்று மேடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு நெல்லை எங்கும் பார்த்ததில்லை, குழுவில் இதுதான் முதலில் இருக்க வேண்டும் என்றார்.

நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். நான் தலையசைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த நெல் வெளிநாட்டில் உப்பில் நட்டதும் கருகும், அப்போது பொய் என் பெயரில் இருக்கும். "மேடம்..." என்று அந்த அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தேன்.

மேடம் விருந்தினரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல், உதடு அதிகம் அசையாமல், தமிழில் சொன்னார். "நுனிய வெட்டுனத இப்ப சொல்லிக்கிட்டு நிக்காத. சிரி."

சொல்தா ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராக நின்று, அதைப் பிரெஞ்சில் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி அசைத்துக் காட்டினார். கடைசியில், சிரிக்க வேண்டும் என்பதற்குத் தன் வாயோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அத ஏங்க அவங்ககிட்ட சொல்றீங்க?" என்றார் மேடம்.

"நீங்கதானேம்மா எல்லாத்தையும் சொல்லச் சொன்னீங்க" என்றார் ஐயா. அவர் குரலில் குறும்பு எதுவும் இல்லை. இட்ட வேலையைச் செய்தவரின் குழப்பம்தான் இருந்தது.

பிரெஞ்சு அம்மா என்னிடம் திரும்பி, உண்மையா என்று கேட்டார். ஆமாம், எல்லா மூத்த இலையும் கருகியிருந்தது, நேற்று மாலை வெட்டப்பட்டது என்றேன். மேடம் என் தோளில் கை வைத்துச் சிரித்தார். இந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது, தூக்கமே கிடையாது, பாவம் எதையாவது குழப்பிக்கொள்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எவ்வளவு பரிவாகச் சொன்னார் என்றால், ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. நான் சரியாகத்தான் பார்த்தேனா? கருகியிருந்தது போன வாரமா, அதற்கு முன்பா? எத்தனை இரவு நான் சரியாகத் தூங்கவில்லை? அவர் செய்த எல்லாவற்றிலும் நான் மன்னிக்காதது இதைத்தான். என் செடியை வெட்டினார், சரி. என் கண்ணையே நான் நம்பாதபடி செய்யப் பார்த்தார்.

காகிதக் கோப்பை நினைவுக்கு வந்தது. ஜன்னலுக்குப் போய் எடுத்துவந்து நீட்டினேன். அந்த அம்மா ஒரு விரலை விட்டுக் கிளறினார். அப்புறம் மேடையிலேயே முழங்காலிட்டு இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நெல் இலை ஊசியாகத்தான் முடியும். இவை நேராக, மழுங்கலாக முடிந்தன. எழுந்து என்னிடம் மட்டும், அடுத்த இலைகள் வரும், அவற்றின் படத்தை எனக்கு நேரடியாக அனுப்பு என்றார். மாலையில் எடுத்த குழுப் புகைப்படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். தொட்டிகளும் இருக்கின்றன. நான் பதாகையின் ஓரத்தை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை மட்டும் இருக்கிறது.

அடுத்த சில வாரங்கள் உப்புத் தண்ணீரை நிறுத்தவில்லை. புது இலைகள் வந்தன, பழையவை ஆயின. அத்தை அம்பகரத்தூர் கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வலைக்கூடத்துக்குப் போனேன். ஓர் இலையின் நுனியில் பழுப்பு தட்டியிருந்தது. இன்னொன்றிலும். பயிர் கருகியதற்காகச் சந்தோஷத்தில் கண்கலங்கிய பெண் சுரக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன். படம் எடுக்கும் நேரத்தில் குழந்தை கையை நீட்டி இலையைப் பிடித்துவிட்டது. வேறு படம் எடுக்கலாமா, ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். பாக்குறவங்க என்ன நெனப்பாங்க என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று தெரிந்ததும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. இவ்வளவு உப்பில் இவ்வளவுதான் கருகியிருக்கிறது என்றால் இது நல்ல நெல், நீயும் குழுவில் இருக்கிறாய் என்று. கீழே, அந்தக் கைக்கு என் அன்பு என்று ஒரு வரி.

மேடம் அதற்கும் ஈடுகொடுத்தார். மாநாடு நடத்தியதால்தான் இது கிடைத்தது என்று எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யும் இல்லை. குழுவின் முதல் கூட்டம் வெளிநாட்டில் நடந்தபோது, "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா போவ?" என்று கேட்டு அவரே போய்வந்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. போக முடிந்திருக்குமா என்றும் தெரியவில்லை. திரும்பி வந்து எனக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தார். அதன் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டை அழகாக வெட்டி எடுத்திருந்தார்.

போன வருடம் அவருக்குப் பணி நிறைவு விழா. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் தவறாகுமே என்று கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். துறை நடையில், கண்ணாடிச் சட்டம் போட்டு, பிரெஞ்சு அம்மாவுக்கு நான் எடுத்து அனுப்பிய இலைப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. கருகிய நுனி நன்றாகத் தெரிந்தது. வெளிநாட்டவர் பாராட்டியபின் அதை வெட்டத் தேவையில்லையே. கீழே துறைத் தலைவரின் வழிகாட்டலில் என்று எழுதியிருந்தது. குழந்தையின் கையைக் காணவில்லை. ஓரத்தை வெட்டியிருந்தார்கள். இலையைச் சுற்றி வளைந்திருந்த ஒரு விரலை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் இலையும் போயிருக்கும்.

மாலையும் கழுத்துமாக மேடம் எங்கள் பக்கம் வந்தார். என்னை நலம் விசாரித்தபடியே அவர் பார்வை என் மகளின் கவுன் ஓரத்துக்குப் போனது. பை திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவளை என் மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன். "நூல்தான் மேடம், இருக்கட்டும்" என்றேன். மேடம் சிரித்தார்.

மகள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது யாரு வெரலு?"

"அது ஒண்ணுமில்லடா கண்ணு, ஏதோ நெழல்" என்றார் மேடம்.

"உன் வெரல்தான்" என்றேன். "நீ கைக்குழந்தையா இருந்தப்ப அந்த எலையப் புடிச்சு இழுத்த."

அவள் குதிகாலை உயர்த்தி எக்கி, தன் ஆள்காட்டி விரலை அந்த விரல்மேல் வைத்து அளந்து பார்த்தாள். எடுத்தபோது கண்ணாடியில் தடம் பதிந்திருந்தது. மேடம் கைக்குட்டையை எடுத்து, வட்டமாகத் துடைத்தார். துடைத்து முடித்துக் கையை எடுத்ததும், என் மகள் மறுபடி எக்கி அதே இடத்தில் விரலை வைத்தாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.